இரட்டை மோட்டார் படகுக்கு எந்த பேட்டரி?

ரேடியோ கட்டுப்பாட்டுப் படகுக்கு பேட்டரி வாங்குபவர்களில் பலர் உறையின் மேல் அச்சிட்டிருக்கும் மில்லி ஆம்பியர் மணி அளவைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இரண்டு மோட்டார்கள் உள்ள படகில் அந்த எண்ணைக் கடைசியில் பார்ப்பதே சரி என்பது என் கருத்து. எத்தனை வோல்ட் என்பதும், அந்த மின்சாரம் இரு மோட்டார்களுக்கும் எந்த வழியாகப் பிரிந்து செல்கிறது என்பதும் தீர்மானமான பிறகுதான் கொள்ளளவைப் பற்றிப் பேச முடியும்.

கணக்குக்கு வசதியாக, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ப்ரஷ்லெஸ் (கார்பன் தூரிகை இல்லாத) மோட்டாரும் அதற்கென ஓர் இ.எஸ்.சி.யும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) உள்ள ஒரு கேட்டமரானை, அதாவது இரட்டை உடல் படகை, எடுத்துக்கொள்வோம். 3எஸ் லைப்போ பேட்டரியில், அதாவது மூன்று லித்தியம் பாலிமர் செல்கள் தொடராக இணைந்த 11.1 வோல்ட்டில், முழு வேகத்தில் ஒரு மோட்டார் 40 ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், இரண்டும் சேர்ந்து 80 ஆம்பியர். தரையில் ஓடும் கார் வேகம் பிடித்த பின் அதன் மின்னோட்டம் கணிசமாகக் குறைந்துவிடும். ஆனால் நீரைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டிய படகுக்கு அத்தகைய ஓய்வு கிடையாது. மேலும், ப்ரொப்பெல்லருக்குத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ அதன் சுழல் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயர்வதால், அதே மோட்டாரையும் அதே ப்ரொப்பெல்லரையும் வைத்துக்கொண்டு நான்கு செல்கள் கொண்ட 4எஸ்ஸுக்கு மாறினால், வோல்ட் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது என்றாலும், ஒரு மோட்டாரின் மின்னோட்டம் 40 ஆம்பியரிலிருந்து 70 ஆம்பியரைத் தாண்டுகிறது. படகு நீர்மட்டத்துக்கு மேல் எழுந்து சறுக்கும்போது இது சற்றுக் குறையலாம். கணக்கின் போக்கு மாறாது.

இந்த வேறுபாடு வெப்பமாகத்தான் வெளிப்படும். ஒரு செல்லின் உள்மின்தடை 5 மில்லி ஓம் என்றால், 3எஸ் பேட்டரி ஒன்று 40 ஆம்பியர் தரும்போது அதற்குள் 24 வாட் வெப்பம் உண்டாகிறது. 4எஸ் பேட்டரி 71 ஆம்பியர் தரும்போது அது 100 வாட்டாகிறது. மோட்டாரையும் இ.எஸ்.சி.யையும் குளிர்விக்க ஏரி நீர் குழாய் வழியாக வருகிறது. மூடி ஒட்டிய படகுக்குள் அடைபட்டிருக்கும் பேட்டரிக்கோ எந்தக் குளிர்ச்சியும் கிடைப்பதில்லை. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் லைப்போ செல்கள் கெடத் தொடங்கிவிடும். ஆகவே 4எஸ் வேண்டும் என்பவர்கள் ப்ரொப்பெல்லரைச் சிறிதாக்குவதற்கோ, கேவி எண் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) குறைந்த மோட்டார்களுக்கு மாறுவதற்கோ ஆயத்தமாக இருக்க வேண்டும்.

அடுத்தது இணைப்பு. பக்கத்துக்கு ஒரு பேட்டரி, பேட்டரிக்கு ஒரு மோட்டார் என்று தனித்தனியாக வைப்பது பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கத்தைக் கொண்டு கரை சேரலாம் என்ற நன்மையும் உண்டு. ஆனால் இரண்டு பேட்டரிகள் ஒரே வேகத்தில் தீர்வதில்லை. ஒன்று முன்னதாகத் தாழ்ந்து அந்தப் பக்கத்து இ.எஸ்.சி. மோட்டாரை நிறுத்தும்போது, மறுபக்கம் மட்டும் ஓடும் படகு நடுநீரில் வட்டமடிக்கத் தொடங்கும். எனவே ஒரே மாதிரியான இரண்டு பேட்டரிகளைப் பக்க இணைப்பில் (நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை) சேர்த்து, அந்த ஒரே மூலத்திலிருந்து இரு இ.எஸ்.சி.களுக்கும் மின்சாரம் தருவதையே நான் விரும்புகிறேன். இரு மோட்டார்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட் கிடைப்பதால் படகு நேராக ஓடும், நிறுத்தமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிகழும்.

செய்யவே கூடாத இணைப்பு ஒன்று இருக்கிறது. இரண்டு பேட்டரிகளையும் தொடரிணைப்பில் சேர்த்துவிட்டு, ஒவ்வொன்றின் இரு முனைகளிலிருந்தும் தனித்தனி இ.எஸ்.சி.க்கு மின்சாரம் எடுத்தால், இரு இ.எஸ்.சி.களின் எதிர்முனைகளும் ரிசீவர் (ரேடியோ கட்டளையைப் பெறும் கருவி) கம்பி வழியாக ஒன்றோடொன்று இணைந்துவிடும். ஒரு பேட்டரி முழுவதும் அந்த மெல்லிய கம்பிகள் வழியே குறுக்குச்சுற்றாகி எரியும். பக்க இணைப்பிலும் ஓர் எச்சரிக்கை தேவை. முழுதாக ஏறிய 12.6 வோல்ட் பேட்டரியையும், சேமிப்பு நிலையில் 11.4 வோல்ட்டில் இருக்கும் பேட்டரியையும் அப்படியே சேர்த்தால், 1.2 வோல்ட் வேறுபாடும் இரண்டு பேட்டரிகளின் 30 மில்லி ஓம் மின்தடையும் சேர்ந்து தொடக்கத்தில் 40 ஆம்பியர் அளவுக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயக்கூடும். 5 ஆம்பியரில் ஏற்ற வேண்டிய பேட்டரிக்கு அது எவ்வளவு அதிகம் என்று விளக்கத் தேவையில்லை. இரண்டையும் ஒருங்கே வாங்கி, எண்ணிட்டு, எப்போதும் ஜோடியாகவே ஏற்றி இறக்குவது இதனால்தான்.

இனி கொள்ளளவு. 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 10 ஆம்பியர் மணி. அதில் எண்பது விழுக்காட்டை மட்டும் பயன்படுத்தினால், 80 ஆம்பியரில் முழு வேகத்தில் ஆறு நிமிடம் ஓடும். அதே கொள்ளளவு 4எஸ்ஸில் மூன்றரை நிமிடத்துக்கும் குறைவாகவே தாங்கும். உறையில் எழுதியிருக்கும் சி எண்ணை (கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு ஆம்பியர் தரும் என்பதை) நான் அப்படியே நம்புவதில்லை. மேற்சொன்ன 3எஸ் படகில் ஒரு பேட்டரிக்கு உண்மையில் தேவைப்படுவது 8சி மட்டுமே. 30சி அல்லது 40சி என்று எழுதியிருந்தாலே போதும், 100சி முத்திரைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். பேட்டரிக் கம்பிகளில் வரும் எக்ஸ்டி60 இணைப்பியே 60 ஆம்பியருக்குத்தான் மதிப்பிடப்பட்டது. ஆகவே ஒவ்வொரு பேட்டரிக்கும் அது போதுமென்றாலும், இரண்டும் சேர்ந்த பிறகு 80 ஆம்பியரும் செல்லும் இடத்தில் அதைவிடப் பெரிய எக்ஸ்டி90 வேண்டும். கம்பி நீளம் போதாவிட்டால் மோட்டார் பக்கத்தில் நீட்டுங்கள், பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் இடையில் நீட்டினால் அதன் கெப்பாசிட்டர்கள் வெந்துபோகும்.

எடையைப் பொறுத்தவரை, பேட்டரிகளை இருபுறமும் சமமாக வைத்து முன்பின் நகர்த்தக்கூடிய வெல்க்ரோ பட்டையில் கட்டுவதே போதும். மெதுவாக நகரும் இழுவைப் படகு மாதிரிகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவற்றுக்கு எடையே படகை நிலைப்படுத்தும் பாரமாகவும் பயன்படுவதால், பழைய ஈய அமில பேட்டரி இன்றும் நல்ல தேர்வுதான். கடைசியாக, இரண்டு இ.எஸ்.சி.களிலும் உள்ள, ரிசீவருக்கு மின்சாரம் தரும் பி.இ.சி. சுற்றுகளில் ஒன்றின் சிவப்புக் கம்பியை மட்டும் ரிசீவர் செருகியிலிருந்து எடுத்துவிடுங்கள். இ.எஸ்.சி. மோட்டாரை நிறுத்தும் வோல்ட் அளவை இரண்டிலும் செல்லுக்கு 3.4 வோல்ட் என ஒன்றாக அமைத்துவிட்டால் படகை நீரில் இறக்கலாம்.