பிளாட்டினத்தில் உட்கார்ந்த உப்பு

ஆய்வில் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை, பார்க்க எளிதானதுதான். எரிபொருள் கலத்துக்கான வினையூக்கி, கார்பன் பொடிமேல் 20 சதவீதம் பிளாட்டினம் ஏற்றியது. அதை 5 மி.மீ. கண்ணாடிக் கார்பன் வட்டில் பூசி, 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில் சுழலவிட்டு, ஆக்சிஜன் ஒடுக்கத்தை, அதாவது ஆக்சிஜன் எலக்ட்ரான்களை ஏற்கும் வினையை, அளக்க வேண்டும். விடைகூட முன்பே தெரியும். நிமிடத்துக்கு 1600 சுற்றில், அரையலை மின்னழுத்தம், அதாவது மின்னோட்டம் தன் எல்லையில் பாதியைத் தொடும் இடம், 0.9 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும்.

எனக்கு 0.8-ஐத் தாண்டவில்லை.

வினையூக்கிப் பொடியைக் கரைசலில் கலக்கிப் பூசும் மைமேல்தான் முதல் சந்தேகம். காய்ந்த பூச்சைச் சாய்த்துப் பார்த்தால், டீ தம்ளர் வைத்த இடம்போல ஓரத்தில் கருப்பு வளையம், நடுவில் வெளிறல். ஐசோபுரோப்பனால் அளவை மாற்றினேன். மின்முனையைத் தலைகீழாக மாட்டி, மெதுவாகச் சுழலவிட்டே காய வைத்தேன். பூச்சு சீரானது. எண் மட்டும் அசையவில்லை.

பக்கத்து மேசை அக்கா வரைபடத்தைப் பார்த்தார். "எல்லை மின்னோட்டம் சரியாத்தானே இருக்கு? அப்ப ஆக்சிஜன் வந்து சேருது. பரப்புலதான் ஏதோ உட்கார்ந்திருக்கு. ரெஃபரன்ஸ் என்ன போட்டிருக்கே?"

மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் அந்த ரெஃபரன்ஸ் மின்முனை, வெள்ளி, வெள்ளி குளோரைடு. உள்ளே தெவிட்டிய பொட்டாசியம் குளோரைடு. முனையின் நுண்துளை வழியாக அது கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. குளோரைடு பிளாட்டினத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடம் கிடைக்காது. சல்பேட்டும் ஓரளவு ஒட்டும், பெர்குளோரேட் அவ்வளவாக ஒட்டாது என்றுதான் கந்தக அமிலத்தையே தவிர்த்தோம். வாசலைப் பூட்டிவிட்டு நான் கொல்லைக்கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்!

மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி எடுத்த பழைய சுழற்சி வரைபடங்களைத் தோண்டினேன். 0.8 வோல்ட் அருகே எழ வேண்டிய ஆக்சைடு மேடு, முதல் நாளிலிருந்தே தள்ளிப்போய்த் தட்டையாகக் கிடந்தது. அதை நான் பார்க்கவே இல்லை.

அப்புறம் ரெஃபரன்ஸை, குளோரைடு இல்லாத ஹைட்ரஜன் மின்முனைக்கு மாற்றினேன். கண்ணாடிக் கலத்தை அமிலத்தில் ஊறப்போட்டு, தூய நீரில் மூன்று முறை கொதிக்க வைத்தேன். அடுத்த ஓட்டத்தில் 0.88.

இப்போது அதே வினையூக்கியை 1.4 வோல்ட்டில் நிறுத்தி, கார்பன் அரிப்பைப் பார்க்கிறேன். ராத்திரி முழுக்க ஓடிய மின்முனையில், 0.6 வோல்ட் பக்கம் புதிதாக ஒரு ஜோடி மேடு. கார்பன் ஆக்சிஜனேற்றமாகி அதன் விளிம்புகளில் முளைத்த குயினோன் என்ற ஆக்சிஜன் கொண்ட தொகுதி அது. முன்பென்றால் அழுக்கு என்று நினைத்து, கலத்தைக் கழுவ எடுத்துப் போயிருப்பேன்.