மூலைக்கல் இல்லாமல் கணக்கு ஏறாது

நெவாடாவில், டோனோபா ஊருக்குத் தள்ளி, என் நண்பருக்கு நான்கு சுரங்கக் கிளெய்ம்கள் (அரசு நிலத்தில் கனிமம் எடுக்க உரிமை கோரிப் பதிந்த துண்டுகள்) இருக்கின்றன. கிளெய்ம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 200 டாலர் அரசுக்குக் கட்டணம். பத்து கிளெய்முக்கு மேல் இல்லாத சிறு ஆட்கள் விலக்குக் கேட்கலாம், அதற்குப் பதிலாக ஒவ்வொன்றிலும் 100 டாலர் மதிப்புக்கு வேலை செய்ய வேண்டும். கணக்கு ஆண்டு செப்டம்பர் 1 மதியத்தோடு முடிகிறது. விலக்குப் படிவத்தை அவர் முந்தைய செப்டம்பர் 1க்குள்ளேயே கொடுத்துவிட்டார். நான் நிலவியல் ஆள் என்பதால், மண் மாதிரி எடுத்து அறிக்கை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

ஆகஸ்ட் வெயிலில் போய் இறங்கினால், கிளெய்ம் எல்லையைக் காட்டும் மூலைக் குறிகளில் பாதியைக் காணோம். எல்லையைச் சரிசெய்கிற கூலியையும் அந்த 100 டாலரில் சேர்த்துவிடலாம் என்று நண்பர் நினைத்திருந்தார். விதியில் சொல்லியிருக்கும் வேலைகளைப் பார்த்தால் துளையிடுவது, தோண்டுவது, மாதிரி எடுப்பது, கிளெய்முக்குப் பாதை போடுவது, ஆய்வு செய்வது என்றுதான் வருகிறது, முளை நடுவது அதில் இல்லை. அதனால் அந்தச் செலவைச் சேர்க்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி மண் மாதிரி எடுப்பது போன்ற ஆய்வை அந்த 100 டாலர் கணக்கில் ஏற்ற வேண்டுமென்றால், கனிமம் கண்ட இடத்தையும் எல்லையையும் வைத்துப் பார்த்தால் எங்கே வேலை நடந்தது என்பதை அறிக்கையில் காட்டியாக வேண்டும். எல்லையே தெரியாவிட்டால் எதை வைத்துக் காட்டுவது?

முதல் நாள் காலை முழுக்க வீண். பழைய பதிவில் இருந்த எண்களை அப்படியே ஜிபிஎஸ்ஸில் போட்டு நடந்தோம், போய் நின்ற இடத்தில் வெறும் புதர். மதியம்தான் உறைத்தது: அந்த எண்கள் 1927 டேட்டத்தில் (இட எண்களை அளக்க வைத்துக்கொள்ளும் அடிப்படையில்) எடுத்தவை, என் கருவி 1983 டேட்டத்தில் இருந்தது. அந்தப் பகுதியில் யூடிஎம் எண்களில் (மீட்டரில் இடம் சொல்லும் வரைபட எண்கள்) வடக்கு வாக்கில் மட்டும் சுமார் 200 மீட்டர் வித்தியாசம் வரும். மாற்றிப் போட்டதும் ஒரு மணி நேரத்தில் முதல் மூலை கிடைத்தது.

அங்கே கிடந்தது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாய். முன்பு கிளெய்ம் வைத்திருந்தவர் எல்லா மூலையிலும் அதைத்தான் நட்டிருக்கிறார். தூக்கிக் கவிழ்த்தேன், இறகும் சின்னச் சின்ன எலும்புகளும் கொட்டின. கூடு கட்ட இடம் தேடி உள்ளே இறங்குகிற பறவைகள் வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் செத்துப்போகின்றன. நெவாடாவில் 2011 நவம்பரிலிருந்து இந்தக் குழாய்களை யார் வேண்டுமானாலும் பிடுங்கிப் பக்கத்திலேயே படுக்கவைக்கலாம். சரியான சட்டம். அந்த எலும்புகளைப் பார்த்த பிறகு இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம் நின்றுகொண்டிருந்த மீதிக் குழாய்களையும் பிடுங்கிவிட்டு, பதிவில் உள்ள அதே இடங்களில் கட்டை முளை அடித்து அடியில் கல் குவித்தோம். இரண்டாம் நாள் இருட்டிவிட்டது.

மண் மாதிரிகளை அடுத்த இரண்டு நாளில் எடுத்து முடித்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்து மூலையிலிருந்து தூரமும் திசையும் குறித்துக்கொண்டேன். வேலை செய்ததற்கான உறுதிமொழிப் பத்திரம் கவுண்டியில் நவம்பர் 1க்குள், மத்திய நில நிர்வாக அலுவலகத்தில் டிசம்பர் 30க்குள் போக வேண்டும், இரண்டையும் நண்பர் அக்டோபரிலேயே முடித்துவிட்டார்.

இந்த மாதிரி ஆய்வை ஒரு கிளெய்முக்குத் தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் கணக்கில் காட்ட முடியாது. அடுத்த ஆண்டு ஒருமுறை செய்யலாம், அதற்கடுத்த ஆண்டு பள்ளம் தோண்டித்தான் ஆக வேண்டும். பேக்ஹோ (பள்ளம் தோண்டும் இயந்திரம்) வாடகையை இப்போதே விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.