பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா? டிஸ்க்கை மாற்றும் முன் ஹப்பைப் பாருங்கள்

பிரேக் அழுத்தும்போது ஸ்டியரிங் உதறுகிறது என்று சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "டிஸ்க் பெண்டு". சக்கரத்தோடு சுற்றும் அந்தப் பிரேக் தட்டை லேத்தில் கொடுத்து ஒரு கட் எடுப்பார்கள், அதாவது முகத்தை மெல்லிதாகச் சீவுவார்கள், இல்லையென்றால் புது டிஸ்க்கே போட்டுவிடுவார்கள். வண்டியும் அன்றைக்கு வெண்ணெய் மாதிரி நிற்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் பழைய உதறல் திரும்ப வந்து நிற்கும்.

டிஸ்க் உண்மையில் வளைவது அபூர்வம். ஒரே டிஸ்க்கில் ஓரிடம் தடிமனாகவும் இன்னோரிடம் மெலிந்தும் இருப்பதுதான் வழக்கமான கோளாறு. 0.02 மிமீ வித்தியாசம் போதும், ஸ்டியரிங் பிடித்த கையில் தெரிந்துவிடும். சாதாரணத் தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குதான் அது. டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பேடுகளுக்கு நடுவே தடித்த இடம் வரும்போதெல்லாம் பேடைத் தள்ளும் பிஸ்டன் பின்னே தள்ளப்படும், பிரேக் பிடியும் ஏறி இறங்கும். அதுதான் பெடலில் துடிப்பாகவும் ஸ்டியரிங்கில் உதறலாகவும் வருகிறது. 185/65 ஆர்15 டயர் 80 கிமீ வேகத்தில் நொடிக்குச் சுமார் 11 சுற்று சுற்றும். முன் சஸ்பென்ஷன் இயல்பாகவே ஆடக்கூடிய வேகத்துக்கு இது பக்கம். அதனால்தான் 40-ல் ஒன்றும் தெரியாமல் 80, 100-ல் ஆட்டம் போடுகிறது.

அந்தத் தடிமன் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கோட்டத்திலிருந்து, அதாவது டிஸ்க் நேராகச் சுற்றாமல் பக்கவாட்டில் ஆடுவதிலிருந்து. சைக்கிள் சக்கரத்தில் கோட்டம் இருந்தால் ரிம் ஒரே இடத்தில் பிரேக் கட்டையை உரசுமே, அதே கதை. காலைப் பெடலிலிருந்து எடுத்த பிறகும் டிஸ்க்கின் குறிப்பிட்ட ஒரு பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை லேசாக உரசிக்கொண்டே போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இப்படி உரசினால் அந்த இடம் மட்டும் மெலியும். கோட்டத்துக்கு முதல் காரணம் ஹப் முகத்தில், அதாவது டிஸ்க்கும் சக்கரமும் போய் உட்காரும் நடுப்பகுதியின் முகத்தில், படிந்த துரு. 140 மிமீ விட்டமுள்ள ஹப்பின் ஓர் ஓரத்தில் 0.05 மிமீ துருத் துணுக்கு மாட்டினால், 260 மிமீ டிஸ்க்கின் விளிம்பில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆட்டமாகிவிடும். அந்தத் துருவின் மேலேயே புது டிஸ்க்கை மாட்டினால் மறுபடி அதே கதைதான்.

கழற்றும் முன் கோளாறு எங்கே என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிரேக் தொடாமலே ஆடினால் வீல் பேலன்ஸ், டயர் பக்கம் போங்கள். பிரேக்கில் ஸ்டியரிங் உதறினால் முன் சக்கரங்கள். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரங்கள். கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக் என்றால், ஆளில்லாத நேர்ச்சாலையில் 40 கிமீ வேகத்தில் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக இழுத்துப் பாருங்கள். அதிர்ந்தால் பின்பக்கம்தான். எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக்கில் இதைச் செய்யக் கூடாது. ஓங்கி மிதிக்கும்போது மட்டும் பெடல் கரகரவென்று தட்டினால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வது, கோளாறு இல்லை.

இனி அளவு. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி வீலைக் கழற்றுங்கள். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவை நம்பாதீர்கள். வாஷர் வைத்து எல்லா வீல் நட்டையும் போட்டு ஒரே சீராக இறுக்குங்கள். நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜின் ஸ்டாண்டை அசையாத இடத்தில் கட்டி, முனையை டிஸ்க் விளிம்பிலிருந்து 10 மிமீ உள்ளே வைத்து, ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். 0.05 மிமீக்குள் இருந்தால் கவலையில்லை. சில கம்பெனி மேனுவல்கள் 0.1 வரை விடுகின்றன, ஆனால் அது தாராளம். பிறகு மைக்ரோமீட்டரால் அதே வட்டத்தில் 8 இடங்களில் தடிமன் எடுங்கள். வெர்னியர் இதற்கு உதவாது.

கோட்டம் அதிகம் என்றால் டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தையும் டிஸ்க்கின் உள்முகத்தையும் கம்பி பிரஷ், எமரி தாள் போட்டுப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேயுங்கள். போல்ட்டுகளின் அடிவாரத்தில்தான் துரு ஒளிந்திருக்கும். மறுபடி மாட்டி அளந்தும் குறையவில்லையா? டிஸ்க்கை ஒரு துளை தள்ளித் திருப்பி மாட்டிப் பாருங்கள். ஹப்பின் கோட்டமும் டிஸ்க்கின் கோட்டமும் ஒன்றையொன்று ஈடுகட்டி, பாதியாகக் குறைவதுண்டு. எப்படித் திருப்பியும் குறையாவிட்டால் ஹப்பை மட்டும் தனியாக அளந்து பாருங்கள். பேரிங் ஆட்டம் இருந்தால் அதை முதலில் சரிசெய்யாமல் மேலே போவதில் பயனில்லை.

தடிமன் வித்தியாசம் ஏற்கெனவே விழுந்திருந்தால் லேத் அல்லது புது டிஸ்க். கட் எடுத்த பிறகும் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் இருக்க வேண்டும். நீலத் திட்டுகள் தெரிந்தால் லேத்துக்கே அனுப்ப வேண்டாம். அதிக சூட்டில் இரும்பு அந்த இடத்தில் கெட்டிப்பட்டிருக்கும், கட் எடுத்தாலும் திட்டு உள்ளே இருந்து மறுபடி மேடாகும்.

பேடுகளைத் தாங்கி அழுத்தும் காலிப்பரின் பின்கள் கையால் தள்ளினால் வழுக்க வேண்டும். ஜாம் ஆகியிருந்தால் துடைத்து சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். முன் சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால் டிஸ்க்கில் உள்ள சின்னக் குறையையும் பெரிதாக்கிக் காட்டும், அதையும் ஒரு கண் பாருங்கள்.

வீல் நட்டை ஏர் கன்னால் அடித்து முடிப்பதுதான் செய்த வேலையையெல்லாம் கெடுக்கும் இடம். ஏற்றத்தாழ்வாக இறுகினால் டிஸ்க் அங்கேயே கோணும். எதிரெதிர் நட்டாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டிப்படும்வரை மிதித்துவிடுங்கள்.

புது பேடு போட்டிருந்தால் 60-லிருந்து 15 கிமீ வரை, முழுதாக நிறுத்தாமல், இடைவெளி விட்டு எட்டுப் பத்து முறை வேகம் குறையுங்கள். பிறகு முடிந்தவரை பிரேக் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் பெடலை அழுத்தியபடி நின்றால் பேடின் அச்சு அங்கேயே ஒட்டிக்கொள்ளும், அடுத்த உதறல் அந்த இடத்திலிருந்து தொடங்கும்.