விண்டோஸை அழிக்கும் முன் டிரைவர்கள்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்த பிறகு, திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவைக் கல்லூரி விடுதிகளிலும் மடிக்கணினியில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவோர் பலரைப் பார்க்கிறேன். அவர்களிடம் நான் வேண்டுவது, பழைய விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே டிரைவர்களை, அதாவது வைஃபை போன்ற பாகங்களை இயக்கத் தேவையான சிறு மென்பொருள்களைத் தேடிப் பென்டிரைவில் சேர்த்துவிடுங்கள் என்பதே.

வைஃபை டிரைவர் இல்லாவிட்டால் இணையம் கிடைக்காது. இணையம் இல்லாமல் அந்த டிரைவரையும் இறக்க முடியாது. லேன் துளை இல்லாத மெல்லிய மடிக்கணினிகளில் இது பெரும் தலைவலி. (கைப்பேசியின் இணையத்தைக் கேபிள் வழியே பகிரும் யூஎஸ்பி டெதரிங்கைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.)

அதைவிடக் கலங்க வைப்பது வேறொன்று. 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் செயலிகள் கொண்ட பல மடிக்கணினிகளில் சேமிப்பு வட்டுகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற வசதி இயக்கப்பட்டிருப்பதால், அதற்குரிய ஆர்எஸ்டி டிரைவரைப் பிரித்தெடுத்த கோப்புறையாகப் பென்டிரைவிலிருந்து கொடுக்கும்வரை, நிறுவும் திரையில் சேமிப்பு வட்டான எஸ்எஸ்டியே தென்படாது. வட்டு பழுதாகிவிட்டது என்று நம்பிப் புதியது வாங்கிவிடாதீர்கள்.

அடிப்புறத்தில் அச்சிட்ட முழு மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்திலேயே தேடுங்கள். ஒரே பெயரில் விற்கும் மடிக்கணினிகளுக்குள்ளும் வைஃபை அட்டை மாறுபடும். ஐயமிருந்தால் விண்டோஸில் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், பாகத்தின் அடையாளக் குறியான ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள்: அதிலுள்ள தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல், 1022 என்றால் ஏஎம்டி. டிரைவர்களைத் தானே கண்டுபிடித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.