டொமைனை விட்டு வெளியே வந்த ஒரு சின்ன அலுவலகம்

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் உள்ள ஒரு கணக்காளர் அலுவலகத்துக்கு நான்தான் கணினி வேலை பார்க்கிறேன். ஒன்பது கணினிகள், ஒரு பெரிய பிரிண்டர், பின்னறையில் ஒரு சேர்வர். சேர்வரில் ஓடியது விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2. அதற்கான வழக்கமான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொஃப்ட் 2023 ஒக்டோபர் 10ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. புதிதாக வாங்கலாமென்று விசாரித்தால், 2022இல் ரூபாய் விழுந்த பிறகு உபகரணமும் உரிமமுமாகச் சேர்ந்து வரும் தொகை மலைக்க வைத்தது. "கோப்பு வைக்கவும் பிரிண்ட் எடுக்கவும் இவ்வளவு காசா, தம்பி?" என்று ஐயா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எல்லாருடைய கணக்குகளையும் சேர்வரே ஆளும் டொமைனைக் கைவிட்டு, ஒவ்வொரு கணினியும் தன் கணக்குகளைத் தானே பார்த்துக்கொள்ளும் வேர்க்குறூப்புக்கு வருவதென்று முடிவாயிற்று.

நவம்பர் 30க்குள் வருமான வரிப் படிவங்கள் போக வேண்டும் என்பதால் அந்த நெருக்கடி தீரும்வரை எதையும் தொடவில்லை. பிறகு ஒரு பூரணை விடுமுறையும் வார இறுதியும் சேர்ந்து வந்தபோது தொடங்கினேன்.

டொமைனிலிருந்து விலகுவது ஒரு பொத்தானை அழுத்தும் வேலைதான். ஆனால் விலகிய கணம் முதல் டொமைன் கணக்கு எதுவும் அந்தக் கணினிக்குள் நுழைய முடியாது. விண்டோஸில் பிறவியிலேயே இருக்கும் நிர்வாகிக் கணக்கோ வழக்கமாக முடக்கப்பட்டே கிடக்கும். ஆகவே ஒவ்வொரு கணினியிலும் உள்ளூர் நிர்வாகிக் கணக்கொன்றை உருவாக்கி, அதனால் உண்மையிலேயே உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த கணினிக்கு நகர்ந்தேன். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைத்தால் போதாது, நுழைந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது கோப்புகள். எல்லோருடைய 'ஆவணங்கள்' கோப்புறையும் குழுக்கொள்கை (சேர்வரிலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் போகும் அமைப்புகள்) வழியாகச் சேர்வருக்கே திருப்பிவிடப்பட்டிருந்தது. பயன்படுத்துகிறவருக்கு அது தெரியாது. தன் கணினியில்தான் இருக்கிறது என்று நினைப்பார். கொள்கையை நீக்கும்போது கோப்புகள் உள்ளூர் இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற தெரிவை முன்கூட்டியே இட்டு, அவை வந்து சேர்ந்ததைத் திறந்து பார்த்தேன். பொதுக் கோப்புகளுக்கு இரண்டு டிஸ்க் ஒன்றையொன்று நகலெடுக்கும் சிறிய நாஸ் பெட்டி, அதாவது வலையமைப்பில் நேரடியாக இணையும் கோப்புச் சேமிப்பகம், வாங்கினோம். விண்டோஸ் 11 கணினி ஒன்றிலேயே பகிர்ந்திருக்கலாம். ஒரே நேரத்தில் 20 இணைப்புகள்தான் அதன் எல்லை, நமக்கு அது தாராளம். ஆனால் ஒருவருடைய மேசைக் கணினியை நிறுத்தினால் மற்ற எட்டுப் பேரும் கைகட்டி நிற்க வேண்டிவரும். நாஸில் ஒவ்வொருவருக்கும், அவர் கணினியில் உள்ள அதே பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட கணக்கைத் திறந்தேன். பெயரில்லாத விருந்தினராக நுழையும் பழைய குறுக்குவழியை விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு மறுத்துவிடும்.

ஆட்களுடைய புரொஃபைல்கள்தான், அதாவது ஒவ்வொருவருடைய திரை, அமைப்புகள், கோப்புகள் எல்லாம் அடங்கிய தொகுப்புகள்தான், அதிக நேரத்தை விழுங்கின. புதிய உள்ளூர் கணக்கு என்றால் வெறுமையான திரை. பழைய புரொஃபைல் டிஸ்க்கில் அப்படியே இருக்கும், ஆனால் அது வேறொருவருடையதாகவே கருதப்படும். ஃபொரன்சிற் நிறுவனத்தின் புரொஃபைல் மாற்றும் மென்பொருள் பழையதைப் புதிய கணக்கோடு பிணைத்துத் தருகிறது, நம்பி வைக்கலாம். அதற்கும் எட்டாத ஒன்று, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள். அவை பழைய கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் ராமிஸ் தளத்துக்கு வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வைத்திருக்கும் அலுவலகத்தில் இது விளையாட்டல்ல. டொமைனில் இருக்கும்போதே அவற்றை ஏற்றுமதி செய்து, புதிய கணக்கில் இறக்கி, அந்தக் கோப்பை உடனே அழித்தேன்.

தட்டச்சு செய்யும் அக்காவின் பழைய புரொஃபைல் ஏற்கெனவே பழுதாகியிருந்ததால் அவருக்குப் புதிதாகவே திறந்தோம். அடுத்த வேலைநாளில் பழைய கடிதமொன்றைத் திறந்தவர், "தம்பி, என் எழுத்தெல்லாம் எங்கே?" என்றார். திரையில் தமிழ் ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும், புள்ளி வைத்த இடமெல்லாம் அரைப்புள்ளியுமாக நின்றன. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துரு; அது இல்லாத கணினியில் பாமினிக் கடிதம் அப்படித்தான் தெரியும். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, சும்மா நிறுவும் எழுத்துரு அந்த ஒரு பயனருக்கு மட்டுமே சேரும். எழுத்துருக் கோப்பின்மேல் வலது சொடுக்கி, 'எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு' என்று கொடுத்ததும் கடிதம் தமிழுக்குத் திரும்பியது. பத்துப் பதினைந்து வருடக் கடிதங்களைப் பாமினியில் வைத்திருக்கும் அலுவலகங்கள் நம் ஊரில் ஏராளம். எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றச் சொல்லி நான் வாய் வலித்தது தனிக்கதை.

கணினிகள் எல்லாம் விலகிய பிறகே வலையமைப்பில் கைவைத்தேன். கணினிகளுக்கு வலையமைப்பு முகவரி கொடுத்ததும் இணையத்தளப் பெயர்களுக்கு வழிகாட்டியதும் அதுவரை சேர்வர்தான். அதை அப்படியே நிறுத்தினால், இணைப்பில் ஒரு குறையும் இல்லாமலே இணையம் செத்துப்போகும். சேர்வரில் முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சேவையை நிறுத்திவிட்டு ரவுட்டரில் இயக்கினேன். பிரிண்டரின் நிலையான முகவரியை ரவுட்டர் வேறெதற்கும் கொடுத்துவிடாதபடி ஒதுக்கி வைத்தேன். ஒவ்வொரு கணினியிலும் பிரிண்டரை அந்த முகவரிக்கு நேரடியாகச் சேர்த்தேன்.

இழந்ததும் உண்டு. திரை தானாகப் பூட்டும் நேரம், கடவுச்சொல்லின் நீளம் போன்றவற்றை இனி ஒன்பது இடத்தில் கையால் இட வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் நாஸிலும் அவருடைய கணினியிலும் தனித்தனியாகக் கணக்கை நீக்க வேண்டும். இருபது கணினிகள் உள்ள இடமென்றால் இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன்.

சேர்வரை அழிக்கவில்லை. மின்சாரத்தைக் கழற்றி, பின்னறையிலேயே வைத்திருக்கிறோம். அடுத்த நவம்பர் படிவங்கள் போன பிறகு டிஸ்க்குகளைக் கழற்றலாமென்று ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன்.