வேலியின் மேல் இரண்டு சிறுமிகள்
ஜாக்குலின் உட்சன் எழுதி, ஈ. பி. லூயிஸ் ஓவியம் தீட்டிய ‘தி அதர் சைட்’ என்னும் படக்கதை நூல் 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. ஊரை இரண்டாகப் பிரிக்கும் ஒரு வேலி. இந்தப் பக்கம் கறுப்பினச் சிறுமி க்ளோவர், அந்தப் பக்கம் வெள்ளையினச் சிறுமி ஆனி. வேலியைத் தாண்டுவது ஆபத்து என்று க்ளோவரின் அம்மா எச்சரித்திருக்கிறார். இச்சிறிய கதையை என் ஏழு வயது மகளுடன் படித்து முடிக்க மூன்று மாலைகள் ஆயின.

முதல் மாலை, சிறுமிகள் ஸ்கிப்பிங் ஆடும் இடத்திலேயே நின்றுவிட்டோம். தானும் ஆட வரலாமா என்று ஆனி கேட்க, மற்றவர்களைக் கேட்காமலேயே க்ளோவரின் தோழி சாண்ட்ரா மறுத்துவிடுகிறாள். தன்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது க்ளோவருக்கே தெரியவில்லை. சாண்ட்ரா கெட்டவள் என்றாள் என் மகள். நான் உடனே திருத்தவில்லை.

மறுநாள் ரூபி பிரிட்ஜஸைப் பற்றிச் சொன்னேன். 1960இல் நியூ ஆர்லியன்ஸில், அதுவரை வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்த பள்ளிக்குள் அந்த ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி நுழைவதற்கு ஃபெடரல் மார்ஷல்கள் எனப்படும் அமெரிக்க மத்திய அரசின் காவல் அதிகாரிகள் துணைக்குச் செல்ல வேண்டியிருந்ததையும், வெள்ளையினப் பெற்றோர் தம் பிள்ளைகளை விலக்கிக்கொண்டதால் அவள் தனியாளாக வகுப்பில் அமர்ந்து படித்ததையும் கேட்டபின், மகள் சாண்ட்ராவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘நிறத்தில் என்ன இருக்கிறது, எல்லோரும் ஒன்றுதான்’ என்று ஒரே வரியில் முடித்துவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேலியை யார் போட்டார்கள், யாருக்காகப் போட்டார்கள் என்று குழந்தை கேட்கவிருக்கும் கேள்வியை அந்த வரி அடைத்துவிடுகிறது.

மூன்றாம் மாலைதான் மகளின் முகம் மலர்ந்தது. அந்தப் பக்கம் போகக் கூடாது என்றுதான் அம்மாக்கள் சொன்னார்கள். வேலியின் மேல் உட்காரக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை! இருவரும் ஏறி அமர்ந்துகொள்கிறார்கள். க்ளோவரின் அம்மா அதைப் பார்த்தும் கண்டிக்கவில்லை.

“அந்த அம்மாவுக்கு இப்போது பயம் போய்விட்டதா?” என்று மகள் கேட்டாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, “பயமாகத்தான் இருக்கும், ஆனால் இறங்கு என்று சொல்லவில்லையே” என்று அவளே பதிலும் சொல்லிவிட்டு, ஸ்கிப்பிங் ஆடும் பக்கத்தை மறுபடியும் தேடத் தொடங்கினாள்.