ஐப்பசி மழையில் தாப்பா

நவம்பர் 3, திங்கள்

மதியம் இரண்டு மணிக்கே வானம் இறங்கிவிட்டது. மலேசியாவின் கேமரன் மலைக்குப் போவதென்றால் காலை ஏழு மணிக்குள் அடிவாரத்துத் தாப்பாவைத் தாண்டிவிட வேண்டும். மதியத்துக்குமேல் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால், லாத்தா இஸ்கந்தார் அருவிக்கு மேலே எதிரில் வரும் லோரியின் விளக்குகூடத் தெரியாது. இறக்கத்தில் இரண்டாம் கியர். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிக் கருகல் வாடை வரும், அப்புறம் பிடிக்காது. பின்சீட்டில் இருப்பவர்களுக்கு 'அசாம் போய்', அந்தப் புளிப்பு உப்புப் பழம், ஒரு பொட்டலம்.

மலையில் இருக்கும் செமாய்ப் பூர்வகுடி ஊரின் தலைவர், தோக் பாத்தின். எப்போது வரலாம் என்று அவரிடமிருந்து சேதி இல்லை.

நவம்பர் 4

மழை. சேதி இல்லை.

நவம்பர் 6, வியாழன்

புனான். செமாய் மக்களின் இந்த ஒரு சொல் மனத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

ஒருவருக்கு ஆசை காட்டிவிட்டுத் தராமல் போனால், ஏமாந்தவருக்குத்தான் ஆபத்து. பாம்பு கடிக்கும், காட்டில் தவறி விழுவார், புலி வரும். பழி மட்டும் தராதவர்மேல். நம் கண்ணேறு இதற்கு நேர்த் தலைகீழ். பார்த்தவரின் ஏக்கம் தின்றவரைத் தாக்கும் என்று நாம் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுகிறோம். நம் பயம் சோற்றை மறைத்துத் தின்னச் சொல்கிறது. அவர்கள் பயம் பங்கு வைக்கச் சொல்கிறது. பயம் இரண்டும் ஒரே பயம்தானே, எங்கே பிரிந்தது?

பங்கு வாங்கியவர் நன்றி சொல்வதும் அங்கே வழக்கமில்லை. சொன்னால், கொடுத்ததை அளந்து பார்த்தோம், இவ்வளவு எதிர்பார்க்கவில்லை என்று ஆகிவிடும். நாம் போகிற வீடுதோறும் 'தெரிமா காசே' சொல்லிக்கொண்டு வருகிறோம்.

நவம்பர் 7

செமாய் மக்களைத் தோட்டத்தில் இன்னும் 'சக்காய்' என்கிறார்கள். அது வசவு, அடிமை என்ற பொருளும் ஒட்டிக்கொண்ட சொல். செமாய் என்று சொன்னால் வாய் வலிக்காது. 1885இல் வில்லியம் கேமரன் அளக்க வந்தபோதே மலையில் மக்கள் இருந்தார்கள். பெயர் மட்டும் வந்தவருடையது.

நவம்பர் 9, ஞாயிறு

மூங்கில் சோறு. முதல் குழாய் வெடித்தது, இரண்டாவது கருகியது, மூன்றாவதுதான் சோறு.

அன்று வெட்டிய பச்சை மூங்கிலாக இருக்க வேண்டும். காய்ந்தது சோற்றுக்கு முன்னால் தானே எரிந்துவிடும். அடிக்கணுவை விட்டு, மேல்பக்கம் கணுவுக்குக் கீழே அறுக்க வேண்டும். உள்ளே வாழையிலையைச் சுருட்டி நுழைத்தால் சோறு ஒட்டாது. ஊறிய அரிசி பாதிவரை, அதற்குமேல் ஒரு விரற்கடை தண்ணீர். அரிசி உப்ப இடம் வேண்டும். வாயை இலையால் லேசாக அடைத்தால் போதும். முதல் குழாய் வெடித்தது இதனால்தான்: இறுக அடைத்துவிட்டேன், ஆவிக்குப் போக்கு இல்லை. கங்கின் ஓரத்தில் சாய்த்து நிறுத்தி அடிக்கடி உருட்ட வேண்டும். சுவாலையில் வைத்தால் ஒரு பக்கம் தீயும், மறுபக்கம் அரிசியாகவே கிடக்கும். பச்சை நிறம் மாறிப் பழுப்பேறி, ஆவியில் சோற்று வாசம் வந்தால் எடுக்கலாம். வெந்த குழாயைக் கத்தியால் சீவினால் கரும்புத் தோல்போல உரியும்.

பக்கத்து வீட்டுப் பையன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பாதியை அவனிடம் கொடுத்தேன். கண்ணேறுக்குப் பயந்தா, புனானுக்கா?

நவம்பர் 11

பிள்ளைகள் தும்பி வாலில் நூல் கட்டி விளையாடுகிறார்கள். செமாய் ஊர்களிலும், இன்னொரு பூர்வகுடியான தெமியார் ஊர்களிலும் இதைப் பார்த்தால் பதறுவார்கள். சிற்றுயிரைக் கேலி செய்தால் இடியும் புயலும் வரும். சொல்லி முடிப்பதற்குள் இங்கே இடி. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போவதும் காத்திருப்பவருக்கு ஆபத்தாம். தோக் பாத்தின் ஒரு நாளைக் குறித்துச் சொல்லாதது இதனால்தானோ? "மழை விடட்டும், பார்ப்போம்" என்றார். அலட்சியம் என்று நினைத்தேன்.

நவம்பர் 12, புதன்

சேவாங், செமாய் மக்கள் ஆவிகளை அழைத்துப் பாடும் இரவு. கூரையிலிருந்து வாசனைத் தழைகள் தொங்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தரையில் கிடத்திய கட்டையின்மேல் மூங்கில் குழாய்களை இரண்டிரண்டாகத் தட்டுவார்கள். அடி மூடி, மேல்வாய் திறந்த குழாய்கள். நீளமானது தாழ்ந்த ஒலி, குட்டையானது உயர்ந்த ஒலி. லேசாகக் கீறல் விழுந்தாலும் ஒலி செத்துவிடும். கனவில் ஓர் ஆவி கொடுத்த பாட்டை ஒருவர் பாட, மற்றவர்கள் வரிக்கு வரி வாங்கிப் பாடுவார்கள். பாட்டு ஆவியுடையது, பாடுகிறவருடையது அல்ல.

செமாய் வீட்டில் அதற்கு விளக்கை அணைக்கிறார்கள். மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றும் நேரத்தில் கரண்டு போனால் நாம் தவித்துப்போகிறோம். முகம் தெரிந்தால்தான் நமக்குச் சாமி.

நவம்பர் 13

அட்டைக்கு: நீளக் காலுறை, புகையிலை ஊறிய தண்ணீரில் நனைத்தது. கடித்தால் பிடுங்கக் கூடாது, நகத்தால் ஓரமாகத் தள்ள வேண்டும். ரத்தம் உறையவிடாத எச்சில், நெடுநேரம் கசியும்.

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டது. நாளைக் காலை வரலாம் என்று ஆள் சொல்லியனுப்பியிருக்கிறார். பிஸ்கட் எட்டுப் பொட்டலம் இருக்கிறது. வீடு பதினொன்று. கடை ஒன்பது மணிக்குச் சாத்திவிடுவார்கள்.